அனுப்புநர்

ஷப்னத்தின் மனுவில் பிழை ஒன்றும் இல்லை. முகவரி மட்டும் இல்லை.

பேச்சியம்மாள் டீச்சர் ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவுக்கு வகுப்பாசிரியர். சமூக அறிவியலும் அவர்தான் எடுத்தார். 2013, ஆகஸ்ட் மாதம். குடிமையியலில் உள்ளாட்சி பற்றிய பாடம் முடிந்திருந்தது. செயல்பாடாக ஒரு மனு எழுதச் சொன்னார். உங்கள் தெருவின் குறை ஒன்றை உங்கள் வார்டு உறுப்பினருக்குத் தெரிவியுங்கள்.

"நம்ம வார்டு உறுப்பினர் யாரு டீச்சர்?" என்றான் இளம்பரிதி.

நெய்வேலி நகரியம் சுரங்க நிறுவனத்துடையது, அங்கே வார்டு உறுப்பினர் கிடையாது. வட்டங்கள் உண்டு, வட்டங்களுக்கு எண்கள் உண்டு. குழாய்க்கும் விளக்குக்கும் சாக்கடைக்கும் நகரிய அலுவலகம்.

"நமக்குக் கிடையாது" என்றார்.

"அப்ப இந்தப் பாடமும் நமக்குக் கிடையாதா டீச்சர்?"

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தார். பதினாறு வருடமாக அந்தப் பாடத்தை நடத்துகிறார். யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"நகரிய அலுவலகத்துக்கு எழுதுங்க. நிஜமான குறையா இருக்கணும். கதை விடக் கூடாது. பத்து மார்க்."

நாற்பத்திரண்டு மனுக்கள் வந்தன. பாதிப் பேர் கொசு. கால்வாசிப் பேர் பன்றி. இளம்பரிதி தன் வீட்டு வேப்பமரத்தை வெட்ட வேண்டும் என்று எழுதியிருந்தான். தமிழ்மொழி அதே தெருவில் மரம் வெட்டக் கூடாது என்று எழுதியிருந்தாள்.

ஷப்னம் தெருவிளக்கைப் பற்றி எழுதியிருந்தாள். தெருவின் கடைசிக் கம்பத்தில் மூன்று மாதமாக விளக்கு எரியவில்லை. அந்தத் தெருவில் ஆறு பெண்கள் இரண்டாம் ஷிப்ட் முடிந்து சுரங்கக் கேன்டீனிலிருந்து நடந்து வருகிறார்கள். அவர்களில் ஒருவர் என் அம்மா. விளக்கு இல்லாததால் அவர்கள் ஒருவருக்கொருவர் காத்திருந்து சேர்ந்தே வருகிறார்கள். அதனால் முதலில் வேலை முடிந்தவரும் கடைசியாக முடிந்தவரின் நேரத்துக்குத்தான் வீட்டுக்கு வருகிறார்.

டீச்சர் அந்தக் கடைசி வரியை இரண்டு முறை படித்தார். பிறகு மேலே பார்த்தார். அனுப்புநர் என்ற இடத்தில், ஷப்னம், ஒன்பதாம் வகுப்பு, நெய்வேலி என்று இருந்தது.

மறுநாள் அவளை வகுப்பிலேயே அழைத்தார்.

"நல்லா எழுதியிருக்கே. அட்ரஸ் எங்கே?"

"தெரு பேரு உள்ள எழுதியிருக்கேன் டீச்சர்."

"கதவு எண்?"

"லைட்டு தெருவுலதானே டீச்சர் இருக்கு. வீட்டுல இல்லையே."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"முகவரி இல்லாத மனுவை யாரும் படிக்க மாட்டாங்க."

"தமிழ்ப் பரிட்சையில அ.ஆ.இ., கடலூர்னுதான் எழுதச் சொல்வாங்க. சொந்த அட்ரஸ் எழுதினா மார்க் போயிடும்."

"அது பரிட்சை. இது நிஜம்."

ஷப்னம் நீலப் பேனாவின் மூடியைக் கழற்றினாள். மாட்டினாள். வகுப்பு அமைதியாக இருந்தது. வழக்கமாக இப்படிப்பட்ட நேரத்தில் இளம்பரிதி ஏதாவது சொல்வான். அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குடிமகன்னா முகவரி வேணும்மா" என்றார் டீச்சர். "எழுது. ஒன்பது மார்க்கைப் பத்தாக்குறேன்."

அவள் எழுதினாள். வட்டம் 21. தெரு. கதவு எண் 47. எண்ணை மட்டும் சின்னதாக எழுதினாள்.

டீச்சர் ஒன்பதை அடித்துப் பத்து என்று போட்டார்.

அன்று மாலை ஐந்து நல்ல மனுக்களை எடுத்து ஐந்து உறைகளில் போட்டார். அனுப்புநர் பெயரும் முகவரியும் பிள்ளைகளுடையவை. பள்ளியின் பெயரைப் போடவில்லை. பள்ளியின் பெயரைப் போட்டால் பள்ளிக்கு மரியாதைக்காகச் செய்வார்கள். பிள்ளைகளுக்காகச் செய்ய வேண்டும். அப்படி நினைத்தார். வகுப்பில் சொல்லவில்லை. பதில் வந்தால் ஆச்சரியப்படுவார்கள் என்று நினைத்தார். போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டார்.

ஒன்பதாம் நாள் விளக்கு எரிந்தது.

டீச்சர் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் வகுப்பில் சொன்னார். மனுக்களை அனுப்பியதைச் சொன்னார். ஷப்னத்தின் தெருவில் விளக்கு வந்துவிட்டது என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். கொஞ்சம் தாமதமாகத் தட்டினார்கள்.

ஷப்னம் எழுந்து நின்றாள்.

"அனுப்பிட்டீங்களா டீச்சர்?"

"ஆமா."

"என்னுதையுமா?"

"உன்னுதுதான் முதல்ல."

அவள் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாளும் வரவில்லை.

தமிழ்மொழியைத் தனியே அழைத்துக் கேட்டார்.

"அது அவங்க குவார்ட்டர்ஸ் இல்ல டீச்சர்" என்றாள் தமிழ்மொழி. "தெய்வசிகாமணி அங்கிளோடது. அவரு பெர்மனென்ட். வடலூர்ல சொந்த வீடு கட்டிட்டுப் போயிட்டாரு. இவங்களை உள்வாடகைக்கு விட்டிருந்தாரு. லைட்டு போட்டவங்க வேலை முடிஞ்சதுக்குக் குவார்ட்டர்ஸ்காரர் கையெழுத்து வேணும்னு கேட்டிருக்காங்க. ஷப்னம் அம்மா அவரு இங்க இல்லைன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் ஆபீஸ்லேர்ந்து வந்து பாத்தாங்க. பதினஞ்சு நாள்ல காலி பண்ணணும்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும் டீச்சர்."

அவள் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். டீச்சர் போகச் சொன்னார்.

உள்வாடகை யாருக்கும் புதிதில்லை. கான்ட்ராக்ட் தொழிலாளிக்குக் குவார்ட்டர்ஸ் கிடையாது. வெளியே வீடு கட்டிய பெர்மனென்ட் ஆட்களுக்குக் குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுக்க மனம் வராது. ஒவ்வொரு தெருவிலும் இரண்டு வீடாவது அப்படி இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்க மாட்டார்கள். பால்காரரிடம் சொந்தக்காரர்கள் என்று சொல்வார்கள். அந்த வீடுகளிலிருந்து புகார் எழுதமாட்டார்கள். குழாய் உடைந்தால் தாங்களே கட்டிக்கொள்வார்கள்.

பேச்சியம்மாளின் அப்பா திருநெல்வேலியிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். பேச்சியம்மாள் பிறந்தது குவார்ட்டர்ஸில். கல்யாணமாகிப் போனதும் குவார்ட்டர்ஸுக்கு. நாற்பத்தோரு வருடத்தில் எந்தப் படிவத்திலும் முகவரி எழுத அவர் யோசித்ததில்லை.

கணவரிடம் சொன்னார். கணவர் இரண்டாம் சுரங்கத்தில் ஃபோர்மேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உனக்குத் தெரியாதுல்ல" என்றார்.

"தெரியாது."

"அப்புறம் என்ன."

கை கழுவிவிட்டு வந்து, "ஹெச்.எம். கிட்ட மட்டும் சொல்லு. வேற யார்கிட்டயும் வாயத் திறக்காதே" என்றார். "தெய்வசிகாமணி என் செக்‌ஷன்தான். உன் பேரு வந்தா என் பேரு வரும். குவார்ட்டர்ஸ் என் பேர்ல இருக்கு."

தலைமையாசிரியர் குஞ்சிதபாதம் முழுவதையும் கேட்டார். மேசையில் காகிதங்கள்மேல் இருந்த கண்ணாடி எடையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வைத்தார்.

"என்னைக் கேட்டீங்களா?"

"இல்ல சார்."

"மனு எழுதச் சொன்னா எழுதணும். திருத்தணும். கட்டி அலமாரியில வைக்கணும். அதுக்குப் பேரு செயல்பாடு. போஸ்ட் பண்றதுக்குப் பேரு வேற."

"தப்புதான் சார்."

"தெய்வசிகாமணிக்கு மெமோ வந்திருக்கு. யூனியன் ஆளு வேற. டீச்சர்தான் போட்டுக்கொடுத்தாங்கன்னு தெரிஞ்சா நாளைக்கு கேட்டுல வந்து நிப்பான். நீங்க ஒண்ணும் பேசாதீங்க. நான் பாத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை ஷப்னத்தின் அப்பா ஷரீப் வந்தார். ஷப்னமும் கூட வந்தாள். சீருடையில் இல்லை. ஷரீப் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிதறும் நிலக்கரியை வாரிப்போடும் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தார். நகக்கண்களில் கறுப்பு இருந்தது. தலைமையாசிரியர் நாற்காலியைக் காட்டியபோது உட்காரவில்லை. அறையில் பேச்சியம்மாளும் கிளார்க்கும் தண்ணீர் கொடுக்கும் ஆயாவும் இருந்தார்கள்.

"டி.சி. வேணும்ங்க. குள்ளஞ்சாவடிக்குப் போறோம். மச்சான் வூடு இருக்கு. அங்க சைக்கிள் கடை வெச்சிருக்காரு."

"வருஷ நடுவுல ஏன்? பஸ்ல வரலாமே" என்றார் குஞ்சிதபாதம்.

"வரலாம்ங்க" என்றார் ஷரீப். "நாலு வருஷம் இருந்தோம்ங்க. இருக்கிற எடம் தெரியாம இருந்தோம். குழாய்ல தண்ணி வரலைன்னாகூட ஒரு வார்த்தை சொன்னதில்ல. இது லைட்டுக்கு மனு போட்டிருக்கு. கேட்டா, டீச்சரு மார்க்குக்கு எழுதச் சொன்னாங்க, டீச்சரே அனுப்பிட்டாங்கன்னு சொல்லுது. அத மட்டும் கேட்டுகினு போலாம்னு வந்தேன். அப்படியாங்க?"

குஞ்சிதபாதம் மென்மையாகப் பேசினார்.

"வகுப்புல எழுதப் பழகுறாங்க. பயிற்சிதான். நாங்க எதையும் வெளிய அனுப்புறதில்ல."

"அப்ப யாரு அனுப்பினது?"

"சின்னப் புள்ளைங்க. ஆர்வத்துல செஞ்சிடும். திட்டாதீங்க."

ஷரீப் திரும்பினார்.

"டீச்சரு, நீங்க சொல்லுங்க."

பேச்சியம்மாள் டி.சி. புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம். மூன்றாவது வரியில் பேனா நின்றிருந்தது.

"சார் சொன்னதுதான்" என்றார்.

"கேட்டுக்கினியா?" என்றார் ஷரீப் மகளிடம். சத்தமாகச் சொல்லவில்லை.

ஷப்னம் டீச்சரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கரும்பலகையில் எழுதிய ஒன்று புரியாதபோது பார்ப்பதுபோலப் பார்த்தாள். டீச்சர் நான்காவது வரியை நிரப்பினார். குணமும் நடத்தையும் என்ற இடத்தில் எல்லாருக்கும் நன்று என்று எழுதுவது வழக்கம். அவர் மிக நன்று என்று எழுதினார்.

அவர்கள் போனதும் வருகைப் பதிவேட்டில் ஷப்னத்தின் முப்பத்தாறாம் எண்ணைச் சிவப்பு மையால் கோடிட்டு அடித்தார். மறுநாள் பெயர் கூப்பிடும்போது முப்பத்தைந்துக்குப் பிறகு சற்று நின்றார். பிறகு முப்பத்தேழைக் கூப்பிட்டார். அக்டோபர் முழுவதும் அப்படித்தான் நடந்தது.

ஒரு மதியம் அந்தத் தெரு வழியாகப் போனார். 47ஆம் எண் வீட்டில் பூட்டுத் தொங்கியது. கடைசிக் கம்பத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மதியம் இரண்டு மணி. பகலிலும் எரிகிறது என்று யாரும் புகார் கொடுத்திருக்கவில்லை.

நவம்பரில் தமிழ்மொழி சமூக அறிவியல் நோட்டுகளை வைக்க வந்தவள் போகாமல் நின்றாள்.

"ஷப்னம் ஸ்கூல்லயே சேரல டீச்சர். போன் பண்ணேன். அவங்க அம்மாதான் பேசினாங்க. பொய் சொல்ற புள்ளைக்கு எதுக்குப் படிப்புன்னு அவங்க அத்தா சொல்லிட்டாராம். டி.சி. பீரோவுலயே இருக்காம்."

"சரி."

"அவ பொய் சொல்லல டீச்சர்."

"தெரியும்."

தமிழ்மொழி இன்னும் ஏதோ சொல்வாள் என்று நினைத்தார். அவள் நோட்டுகளின் விளிம்புகளை ஒன்றாகத் தட்டி வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வடலூர் போய்க் கடலூர் பஸ் ஏறினார். கணவரிடம் குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்யாணம் என்று சொன்னார். பட்டுப்புடவை கட்டியிருந்தார். பஸ்ஸில் அது உறுத்தியது.

குள்ளஞ்சாவடி கடைத்தெருவில் சைக்கிள் கடையைக் கேட்டதும் காட்டினார்கள். கடைக்குப் பின்னால் ஒரே அறை. வாசலில் இரண்டு டயர்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஷப்னத்தின் அம்மா நூர் நிஷா டீச்சரின் புடவையைப் பார்த்துவிட்டு அவசரமாகப் பாயை உதறினார்.

"கேன்டீன் வேலைக்குப் போகலையா?" என்றார் டீச்சர். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"ரெண்டாம் ஷிப்ட் விட்டா இங்க வர பஸ்ஸு இல்லைங்களே. நின்னுட்டேன்."

அந்த விளக்கு அவருக்காகக் கேட்கப்பட்டது. டீச்சர் பாயில் உட்கார்ந்தார்.

ஷப்னம் உள்ளே தரையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். எழுந்து வந்தாள். வணக்கம் சொல்லவில்லை.

ஷரீப் கடையிலிருந்து வந்தார். கையில் கிரீஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சானுக்கு உதவுகிறார் போலிருந்தது.

"வாங்க டீச்சரு. என்ன இவ்ளோ தூரம்?"

டீச்சர் பஸ்ஸில் பல வாக்கியங்களைத் தயாரித்திருந்தார். அவற்றில் ஒன்றையும் சொல்லவில்லை.

"மனுவை அனுப்பினது நான். ஷப்னம் இல்ல. அவளுக்குத் தெரியாது. அன்னைக்கு நான் பொய் சொன்னேன்."

ஷரீப் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். மகளைப் பார்க்கவில்லை.

"ரெண்டு மாசமா இதுகிட்ட நான் பேசல" என்றார்.

கடையில் யாரோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி வுடுங்க" என்றார். "உங்களுக்குத் தெரியாது. நல்லது செய்யணும்னு செஞ்சீங்க. நீங்களே குவார்ட்டர்ஸ்ல இருக்கிறவங்க. எங்க நிலைமை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது என்பது ஒரு நல்ல இடம். அங்கே நின்றுகொள்ளலாம். கணவரும் அதையேதான் சொன்னார். தலைமையாசிரியரும் அதைத்தான் நம்பினார். டீச்சர் ஷப்னத்தின் கையில் இருந்த பேனாவைப் பார்த்தார். அதே நீலப் பேனா. மூடி கையில் இருந்தது.

"தெரியும்" என்றார்.

ஷரீப் துடைப்பதை நிறுத்தினார்.

"அவ கதவு எண் எழுத யோசிச்சா. வகுப்பே பேசாம இருந்தது. அப்பவே எனக்குப் புரிஞ்சது. ஒரு நிமிஷம் ஆகல. உள்வாடகைன்னு புரிஞ்சது. அதுக்கு அப்புறமும் எழுதச் சொன்னேன். அதுக்கு அப்புறமும் அனுப்பினேன்."

"ஏங்க?" என்றார் நூர் நிஷா.

டீச்சர் யோசித்தார்.

"மனு நல்லா இருந்தது."

நூர் நிஷா கணவரைப் பார்த்தார். ஷரீப் கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

"இங்க வந்து சொல்றீங்க" என்றார். "அன்னைக்கு அந்த ரூம்ல சார் இருந்தாரு. கிளார்க் இருந்தாரு. தண்ணி கொடுக்கிற ஆயாகூட நின்னுகினு இருந்தாங்க. அத்தினி பேரு முன்னாடி எம் பொண்ணு பொய்க்காரி ஆச்சு. இங்க வந்து எங்க மூணு பேருகிட்ட சொன்னா அது போயிடுமா?"

"போகாது."

"அங்க சொல்லுங்க."

"சொல்றேன்."

"சொல்லுவீங்களா?"

சொல்ல முடியுமா என்று டீச்சருக்கே தெரியவில்லை. திங்கட்கிழமை காலை அந்த அறைக்குள் நுழைவதை நினைத்தார். கண்ணாடி எடை. கணவர். தெய்வசிகாமணி. வாய் என்ன சொல்லும் என்று தெரியவில்லை. முன்பு ஒருமுறை அது வேறொன்றைச் சொல்லியிருந்தது.

ஷப்னம் உள்ளே போனாள். கோடு போட்ட தாள் ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்தாள். அடியில் வைத்துக்கொள்ள ஒரு புத்தகமும் கொடுத்தாள். ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல். பேனாவையும் கொடுத்தாள்.

"எழுதிக் கொடுங்க டீச்சர்."

டீச்சர் எழுதினார். அனுப்புநர், பேச்சியம்மாள். பெறுநர், தலைமையாசிரியர். ஐயா. ஆகஸ்ட் மாதம் மாணவி ஷப்னம் எழுதிய மனுவை அவருக்குத் தெரியாமல் தபாலில் சேர்த்தது நான். செப்டம்பரில் உங்கள் அறையில் அவருடைய தந்தையிடம் நான் சொன்னது உண்மையல்ல. தங்களுக்கும் அது தெரியும். மாணவி எந்தத் தவறும் செய்யவில்லை. அவரை மீண்டும் அதே வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தங்களுக்கும் அது தெரியும் என்ற வரியில் நின்றார். அடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஷப்னம் நின்றபடியே படித்தாள். மெதுவாகப் படித்தாள். பிழை பார்ப்பதுபோலப் படித்தாள்.

"அனுப்புநர்ல அட்ரஸ் இல்ல டீச்சர்."

"அவருக்கு என்னைத் தெரியும்மா. தினம் பாக்குறாரு."

அவள் தாளை நீட்டியபடி நின்றாள்.

டீச்சர் வாங்கினார். வட்டம் எண் எழுதினார். தெருவை எழுதினார். கதவு எண்ணில் பேனா நின்றது. அந்த எண் கணவரின் பெயரில் இருந்தது. எழுதினார்.

ஷரீப் தாளை வாங்கிப் பார்க்கவில்லை. "அதுவே வெச்சிக்கட்டும்" என்றார். "பதில் வரட்டும். சார் கூப்பிட்டா நானே கொண்டாந்து வுடறேன். பஸ்ஸு ஒண்ணும் பெரிசில்ல."

மகளைப் பார்த்து, "போவியா?" என்று கேட்டார். இரண்டு மாதத்தில் முதல் வார்த்தை அது என்பதை நூர் நிஷாவின் முகத்தில் டீச்சர் பார்த்தார்.

ஷப்னம் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

"உறையும் ஸ்டாம்பும் நான் வாங்கித் தர்றேன்" என்றார் டீச்சர்.

"மாமா கடையில உறை இருக்கு. ஸ்டாம்பு நாளைக்கு வாங்கிக்கறேன்."

"நான் போட்டுடறேனே. நெய்வேலியிலேயே போட்டா நாளைக்கே கிடைக்கும்."

"இல்ல டீச்சர். நான் போடறேன்."

வாசல்வரை வந்தாள். டயர்களுக்குப் பக்கத்தில் நின்றாள். தாளை நான்காக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள்.

"பதில் யாருக்கு வரும் டீச்சர்?"

"எனக்கு."

அவள் உள்ளே போய்விட்டாள்.

வடலூர் பஸ் அரை மணி நேரம் கழித்து வந்தது. இடம் கிடைத்தது. டீச்சர் கதவு எண்ணை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். தலைமையாசிரியருக்குக் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைக்கும். தாமதமானால் புதன்கிழமை. அதற்குள் கணவரிடம் சொல்ல வேண்டும். கல்யாணம் எப்படி இருந்தது என்று அவர் முதலில் கேட்பார்.